கோட்டுக்கு வெளியே விழுந்த புள்ளி

பார்வையாளர் நேரம் நான்கு மணிக்குத்தான் என்று காவலாளி சொல்லிவிட்டார். இப்போது மூன்று ஐந்து. வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்திருக்கலாம், போகவில்லை, தீக்காயப் பிரிவின் வாசலில் கிடந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஏசியில் குளிர்ந்துபோன பெஞ்சு. சுடிதாரைத் தாண்டித் தொடையில் சில்லென்று படுகிறது, படுவது தெரிகிறது, ஆனால் வேறு யாருடைய தொடையிலோ படுகிற மாதிரி. பதினொரு நாளாக இப்படித்தான். காலையில் பல் தேய்க்கிறேன், பேஸ்ட் இனிக்கிறது என்று தெரிகிறது, இனிப்பு எனக்கு வந்து சேர்வதில்லை. வீட்டுக்காரர் நேற்று, கலாமணி, ரசத்துல உப்பே போடல, என்றார். நான் அதே ரசத்தில் இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டிருந்தேன். மடியில் கைப்பை. கைப்பைக்குள் மூன்று பொருள். டைப் அடித்த ஒரு காகிதம், நீல மை தடவிய ஒரு சின்ன டப்பா, எட்டாக மடித்த ஒரு பெரிய தாள். காகிதமும் மையும் முதலாளி மோகனசுந்தரம் கொடுத்தனுப்பியது. தாள் என்னுடையது, அதை ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை, கிளம்பும்போது கை அதுவாகவே எடுத்து வைத்துக்கொண்டது. கதவுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது கட்டிலில் சென்னியப்பண்ணன் படுத்திருக்கிறார், எங்கள் பட்டறையின் டெஸ்ட் டிரைவர், ஐம்பத்தோரு வயது, இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. கையால் கையெழுத்துப் போட முடியாது, அதனாலென்ன, கால் பெருவிரல் ரேகை வாங்கிக்கம்மா, அது போதும், என்று மோகனசுந்தரம் சார் சொன்னார். கால் பெருவிரல். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்தார்.

தாளை எடுத்து விரிக்கிறேன். விரிக்கக் கூடாது, விரித்தால் கண் அங்கேதான் போகும், மேலே வலது மூலைக்கு, பென்சில் புள்ளிக்கு. இது ஒரு காம்பிரஸர் மேப். டர்போ என்பது இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் திணிக்கிற ஒரு சக்கரம், அந்தச் சக்கரத்தால் என்ன முடியும் என்ன முடியாது என்பதை மொத்தமாகச் சொல்வது இந்த ஒற்றைத் தாள். முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு எதுவும் புரியவில்லை, அறுத்துவைத்த வெங்காயம் மாதிரி வளையத்துக்குள் வளையம், குறுக்கே வளைந்து தொங்கும் கோடுகள், நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தவளுக்கு இது தெரியாது என்று யாரிடம் கேட்பது. ஒரு மாதம் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழே இடமிருந்து வலமாக நிமிடத்துக்கு எத்தனை கிலோ காற்று போகிறது என்ற கணக்கு. பக்கவாட்டில் கீழிருந்து மேலாக, உள்ளே வந்த காற்று எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற கணக்கு. நடுவிலிருக்கும் சின்ன வளையம் சக்கரம் சுகமாகச் சுற்றும் இடம், அங்கிருந்து வெளியே வர வர வீண் சூடு. இடது ஓரத்தில் ஒரு சாய்ந்த கோடு, அதைத் தாண்டினால் அழுத்திய காற்று திரும்பி எதிர்த்து உதைக்கும், சர்ஜ் என்பார்கள், இருமல் மாதிரிச் சத்தம் வரும். வலது ஓரத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும், எவ்வளவு சுற்றினாலும் அதற்குமேல் காற்று போகாது. குறுக்கே தொங்குகிற ஒவ்வொரு கோடும் ஒரு வேகம், ஒரு லட்சம் சுற்று, ஒரு லட்சத்து இருபது, நாற்பது, கடைசியாக மேலே ஒரு லட்சத்து எண்பதாயிரம், ஒரு நிமிடத்துக்கு. அதற்கு மேலே கோடு இல்லை. வெறும் வெள்ளைக் காகிதம். ஒரு வியாழக்கிழமை தயிர்சாதத்தில் கை வைத்தபடியே எனக்கு இது புரிந்தது, படம் திடீரென்று மேடும் பள்ளமுமாக எழுந்து நின்றது, இன்ஜின் மூச்சு விடுகிற பாதையை அதன்மேல் என் விரலால் வரைய முடிந்தது. அன்றைக்குச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், ஒரு புகைப்படத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

இருநூற்று முப்பதைத் தொண்ணூற்றாறால் வகுத்தால் இரண்டு புள்ளி நான்கு. இதுதான் நான் போட்ட கணக்கு. ஒரு தேயிலை எஸ்டேட்டின் பழைய டீசல் ஜீப்புகள் பன்னிரண்டுக்கு டர்போ மாட்டித் தர வேண்டும், மலை ஏறும்போது வண்டிகளுக்கு மூச்சு வாங்குகிறது என்று மேனேஜர் சொன்னார். நான் ஒன்று செய்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது, எந்த உயரத்துக்குப் போனாலும் இன்ஜினுக்குள் போகும் அழுத்தம் இருநூற்று முப்பது கிலோபாஸ்கலிலேயே நிற்கிற மாதிரி ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு புரோகிராம் எழுதினேன். கோவையில் வெளிக்காற்றின் அழுத்தம் தொண்ணூற்றாறு. இரண்டு புள்ளி நான்கு மடங்கு. மேப்பில் வைத்துப் பார்த்தால் வளையத்துக்குள் பாந்தமாக உட்கார்ந்தது. அவிநாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம், சென்னியப்பண்ணன் ஓட்டினார், நான் பக்கத்தில் மடிக்கணினியோடு. ஏனுங் அம்மிணி, எருமைய வாங்கிக் குதிரையாக்கிப் போட்டீங்க, என்றார். மலையில் காற்று மெலியும். இது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கோத்தகிரி தாண்டி ஊட்டிக்கு ஏறும் சாலையில் ஏர் ஃபில்டருக்குப் பிறகு கிடைக்கும் அழுத்தம் வெறும் எழுபத்தைந்து. இருநூற்று முப்பதை எழுபத்தைந்தால் வகுத்தால் மூன்றுக்கு மேல். மெலிந்த காற்றில் அதே எடையைச் சேர்க்கச் சக்கரம் இன்னும் அதிகம் விழுங்க வேண்டும், அதனால் புள்ளி மேலே மட்டும் போகாது, வலப்பக்கமும் போகும், மேலே வலது பக்கம், கடைசிக் கோட்டையும் தாண்டி. தொண்ணூற்றாறு இருந்த இடத்தில் எழுபத்தைந்து. இரண்டு இலக்கம். எத்தனை முறை போட்டாலும் மூன்றுக்கு மேல்தான் வருகிறது, பல் தேய்க்கும்போது, பஸ்ஸில், குளிக்கும்போது மக்கில் தண்ணீர் மோந்த கை அப்படியே நின்றபடி, மூன்று புள்ளி பூஜ்யம் ஆறு ஆறு, ஆறு, ஆறு, முடியாத ஆறு. தெரியாமல் செய்தேனா. தெரியும். தெரிந்தது எங்கே போயிற்று அந்த நேரத்தில். இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றுவிடுகிறது, பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி நாக்கு அதையே தொட்டுக்கொண்டிருக்கிறது.

மூன்று இருபது. கதவு திறந்து ஒரு நர்ஸ் தள்ளுவண்டியோடு போகிறாள், மருந்து வாடை வருகிறது, அதற்கடியில் இன்னொரு வாடை, அது என்னவென்று தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. மலையில் ஓட்டிப் பார்க்கப் போன அன்றைக்கு நானும் வண்டியில் போயிருக்க வேண்டியது. காலையில் எஸ்டேட் மேனேஜர் பட்டறைக்கு வருகிறார் என்றதால் சார் என்னை நிறுத்திக்கொண்டார். நீங்க இருங்க அம்மிணி, டேட்டாதான பொட்டியில தானா ஏறிக்குதே, என்று சொல்லிவிட்டு அண்ணன் தனியாகப் போனார். பத்து நாற்பதுக்கு டர்போவின் சக்கரம் உடைந்திருக்கிறது. உடைந்ததும் அதற்குப் போகிற எண்ணெய் இன்ஜினுக்குள் போய்விட்டது, டீசல் இன்ஜின், எண்ணெய் கிடைத்தால் அதையே குடித்துக்கொண்டு ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அண்ணன் சாவியைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். பிரேக்கை மிதித்துப் பெரிய கியரில் போட்டுத் திணறடிக்கப் பார்த்திருக்கிறார், அதைத்தான் செய்ய வேண்டும், சரியாகத்தான் செய்தார். அதற்குள் சூடான சைலன்ஸர் குழாயில் எண்ணெய் பட்டுத் தீ. டேஷ்போர்டு வழியாகத் தீ உள்ளே வந்துவிட்டது. எதிரில் பஸ் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கை விட்டிருந்தால் கை பிழைத்திருக்கும். விடாமல் பிடித்து, மலைப்பக்கம் மண்மேட்டில் கொண்டுபோய் வண்டியைச் சொருகிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். பஸ் கண்டக்டர் போர்வையைப் போட்டு அமுக்கினாராம். இதையெல்லாம் போனில் கேட்டபோது நான் மேனேஜருக்கு பிஸ்கட் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டுத் தட்டை நகர்த்தி முடித்தேன். அப்போதிருந்துதான், சரியாக அந்த நொடியிலிருந்துதான், எனக்குள் எதையோ யாரோ அணைத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கருகிய வண்டியிலிருந்து அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி வந்தது. உறை உருகியிருந்தாலும் உள்ளே பதிவு பத்திரமாக இருந்தது. கடைசி வரியில் உள்வரும் அழுத்தம் எழுபத்தைந்து, இன்ஜினுக்குள் இருநூற்று முப்பது. என் புரோகிராம் சொன்ன சொல் தவறாமல் வேலை செய்திருந்தது. பென்சிலை எடுத்து மேப்பில் வைத்தேன். வெள்ளைக் காகிதத்தில் விழுந்தது. உடனே என்ன செய்தேன் என்றால், ஏற்கெனவே டர்போ மாட்டிக்கொடுத்த இரண்டு ஜீப்புகளும் எஸ்டேட்டில் ஓடிக்கொண்டிருந்தன, அன்றைக்கே மலைக்குப் போய், ஒரு சின்னத் திருத்தம் இருக்குங்க, என்று சொல்லி, உயரம் கூடக்கூட அழுத்தத்தைக் குறைக்கிற வரியை எழுதிப் போட்டுவிட்டு வந்தேன். பத்தே நிமிட வேலை. முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய ஒரே ஒரு வரி. இனி யாருக்கும் எதுவும் ஆகாது. யாருக்கும் எதுவும் ஆகாது என்ற பிறகு உண்மைக்கு என்ன அவசரம் என்று ஒரு குரல், என் குரல்தான், மலையிறங்கும்போது பஸ் ஜன்னலில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டது. மறுநாள் சாரிடம் தாளை விரித்துக் காட்டினேன். அரை நிமிடத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது, அவரும் லேத்தில் நின்று வந்தவர்தான். கதவைச் சாத்தினார். இது நமக்குள்ள இருக்கட்டும்மா, என்றார். பதினாலு பேர் இந்தக் கூரைக்குக் கீழ இருக்கோம். டிரைவர் தப்புன்னா எஸ்டேட்டுக்காரங்க மறந்துருவாங்க, டிசைன் தப்புன்னா ஒருத்தன் வரமாட்டான். சென்னியப்பனை நான் கைவிட மாட்டேன், வைத்தியம் பூரா என் பொறுப்பு. அவர் கண் கலங்கியிருந்தது. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் சரிங்க சார் என்றேன். சரிங்க சார். நாக்கு எவ்வளவு சுலபமாகப் புரண்டது. டைப் அடித்த காகிதத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். எச்சரிக்கை விளக்கு எரிந்தும் ஆக்சிலரேட்டரிலிருந்து நான் காலை எடுக்கவில்லை, விபத்துக்கு என் கவனக்குறைவே காரணம். அந்த வண்டியில் எச்சரிக்கை விளக்கே கிடையாது. நான் வைக்கவில்லை.

நான்கு மணி. காவலாளி கதவைத் திறந்துவிடுகிறார், செருப்பைக் கழற்றச் சொல்கிறார், பச்சைத் துணியில் ஒரு மேலங்கி தருகிறார். தரை ஈரமாக இருக்கிறது. மூன்றாவது கட்டில். அண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், இரண்டு கையும் வெள்ளை மூட்டையாகத் தலையணைகள்மேல். புருவம் இல்லாததால் முகம் எப்போதும் எதற்கோ ஆச்சரியப்படுகிற மாதிரி இருக்கிறது. பக்கத்தில் அவர் மனைவி சாவித்திரியக்கா கிண்ணத்திலிருந்து ஸ்பூனில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறார்.

"வாங்க அம்மிணி. சாப்ட்டீங்ளா?" என்கிறார் அண்ணன்.

"ஆச்சுங்கண்ணா. வலி எப்படி இருக்குதுங்க?"

"மருந்து போடறப்பத்தான். மத்தபடி மரத்துப்போய்க் கெடக்குது."

நானும் அப்படித்தான் என்று வாய் வரை வந்தது. என்ன அசிங்கம். அவர் கையும் என் மனசும் ஒன்றா. ஸ்டூலில் உட்கார்கிறேன். கைப்பையின் ஜிப்பைத் திறக்கிறேன். அவர் பையைப் பார்க்கிறார்.

"முதலாளி போன் பண்ணிச் சொன்னாருங்க. நீங்க காயிதம் கொண்டாருவீங்கன்னு. குடுங்க, வெச்சுர்றேன்." மனைவியிடம் திரும்புகிறார். "அந்தத் துணிய வெலக்கு."

சாவித்திரியக்கா கிண்ணத்தை வைத்துவிட்டுப் போர்வையை விலக்குகிறார். வலது கால். பித்தவெடிப்பு விழுந்த குதிகால், நகம் வெட்டிச் சுத்தமாகக் கழுவின பாதம். எனக்காகக் கழுவி வைத்திருக்கிறார்கள்.

"என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சீங்களாண்ணா?"

"படிக்கறதுக்கு என்ன இருக்குது. என் மேல தப்புத்தான். இத்தன வருசம் வண்டி ஓட்டி என்ன பிரயோசனம், சத்தம் மாறுனப்பவே காலை எடுத்திருக்கோணும். முதலாளி வண்டிய எரிச்சுப்போட்டேன். உங்க உழைப்பையும் கெடுத்துப்போட்டேன் அம்மிணி."

மை டப்பா என் கையில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் போதும். என் கட்டைவிரல் மூடியின் விளிம்பில்தான் இருக்கிறது. உங்க உழைப்பையும். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நான் மூடியைத் திறக்கப் போகிறேன் என்றுதான் நினைத்தேன், உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், ஆனால் கை டப்பாவைப் பைக்குள் போட்டுவிட்டுத் தாளை எடுத்துக் கட்டில்மேல் விரிக்கிறது, அவர் காலுக்குப் பக்கத்தில்.

"வெக்க வேண்டாங்கண்ணா. இதைக் கொஞ்சம் பாருங்க."

காட்டினேன். இது காற்று, இது அழுத்தம், இது சக்கரம் சுற்றுகிற வேகம். இங்கே நடுவில் இருந்தால் சுகம். இதோ இந்தக் கடைசிக் கோடு வரைக்கும்தான் இந்தச் சக்கரம் தாங்கும். கோயமுத்தூரில் நாம் ஓட்டினபோது இங்கே இருந்தோம். அவர் முன்னால் குனிந்து பார்த்தார். வண்டியின் சத்தத்தை வைத்தே கியர் மாற்றுகிறவர், என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டார்.

"மேல போகப் போகக் காத்து கம்மி. அதே அளவு தள்ளோணும்னா இது இன்னும் வெரசாச் சுத்தோணும்."

"ஆமாங்கண்ணா."

"அப்ப இந்தப் பென்சில் புள்ளி..."

"அதுதாங்க நீங்க இருந்த எடம்."

அவர் அந்தப் புள்ளியையே பார்த்தார். சுற்றிலும் ஒன்றுமில்லாத அந்த இடத்தை.

"கோட்டுக்கு வெளிய இருக்குது," என்றார்.

"வெளியதாங்க இருக்குது. நான் கீழ இருக்கற காத்துக்குக் கணக்குப் போட்டுட்டேன். மலைக்குப் போடலை. எச்சரிக்கை லைட்டும் நான் வெக்கலை. காலை எடுக்கோணும்னு உங்களுக்குத் தெரியறதுக்கு வழியே இல்லீங்க. தப்பு என்னுதுங்கண்ணா."

பக்கத்துக் கட்டிலில் யாரோ முனகினார்கள். சாவித்திரியக்கா என்னைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கேட்டார், "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

இன்றைக்கு என்று சொல்லலாம். நேற்று என்று சொல்லலாம்.

"ஒம்பது நாளாச்சுங்க."

 சாவித்திரியக்காதான் பேசினார், சத்தமே போடாமல், கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு. "ஒம்பது நாளு. இந்த மனுசன் கண்ண மூடுனா அந்த வலது காலத் தூக்கித் தூக்கி எடுக்கறாருங்க. தூக்கத்துல. எடுத்துட்டேன், எடுத்துட்டேன்னு பொலம்பறாரு. நான் காலப் புடிச்சுட்டே உக்காந்திருக்கறேன். நீங்க கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." முடிக்கவில்லை. ஸ்பூனை எடுத்துக் கிண்ணத்தில் வைத்தார், மறுபடி எடுத்தார்.

இப்போது எனக்கு ஏதாவது ஆக வேண்டும். அழுகை வர வேண்டும், காலில் விழ வேண்டும், உடம்பு நடுங்க வேண்டும். காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கேட்டது, புரிந்தது, உள்ளே போய் எங்கோ நின்றது. பையில் பேனாவைத் தேடினேன். தாளைத் திருப்பி, பின்பக்க வெறுமையில் எழுத ஆரம்பித்தேன். இத்தனை வருடத்தில் தொழில் விஷயமாக நான் தமிழில் ஒரு வரி எழுதியதில்லை, கை தயங்கியது, எழுத்து பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்தாக வந்தது. அண்ணன் போங்க என்றும் சொல்லவில்லை, எழுதுங்க என்றும் சொல்லவில்லை. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுச் சாவித்திரியக்காவிடம் நீட்டினேன். அவர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாக, ஆனால் உரக்கப் படித்தார்.

"எரிந்த ஜீப்புக்கு டர்போவைத் தேர்ந்தெடுத்துக் கணக்குப் போட்டவள் நான். மலையில் காற்று மெலியும் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். அதனால் அது தாங்கும் வேகத்துக்கு மேல் சுற்றி உடைந்து தீப்பிடித்தது. வண்டியில் எச்சரிக்கை விளக்கு எதுவும் இல்லை. ஓட்டுநர் மீது எந்தத் தவறும் இல்லை. தீயிலும் ஸ்டியரிங்கை விடாமல், எதிரே வந்த பஸ்ஸில் மோதாமல் வண்டியை நிறுத்தியவர் அவர்."

அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் திறந்தார். "ஓட்டுநருன்னா எந்த ஓட்டுநரு? பேரு போடுங்க."

வாங்கி, ஓட்டுநர் என்ற சொல்லுக்கு மேலே சென்னியப்பன் என்று எழுதினேன். இனிஷியலுக்கு இடம் விட்டேன். நான்கு வருடம் ஒரே வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். "இனிஷியல் என்னங்கண்ணா?"

"பொ. எங்கப்பன் பேரு பொன்னான்."

பொ. சென்னியப்பன். போனில் படம் எடுத்து மோகனசுந்தரம் சாருக்கும் எஸ்டேட் மேனேஜருக்கும் ஒன்றாக அனுப்பினேன். இரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்ததை அண்ணனுக்குக் காட்டினேன். தாளை அண்ணனின் மனைவியிடமே கொடுத்துவிட்டேன், வாங்கிக்கொண்டார், நன்றி என்றோ வேறெதுவுமோ சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. எழுந்தேன். காவலாளி வாசலில் நேரமாச்சு என்று சைகை காட்டினார். அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. புருவமில்லாத முகத்தை மனைவி பக்கம் திருப்பி, தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிற குரலில் சொன்னார், "இன்னொருக்காப் படி."

சாவித்திரியக்கா தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார். நான் போகாமல் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று, முழுவதும் கேட்டேன்.